மூன்று சட்டப் பள்ளிகளில் சேர்க்கை, மூன்று விதமான உதவித்தொகை: அப்பா வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார்

பாலாற்றங்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு 27 வயது. ஒஹையோவில், கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பத்து வயதில் வாணியம்பாடியிலிருந்து வந்தவள், இப்போது அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது. நான்கு வருஷமாக ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறேன்.

போன வருஷம் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தஞ்ச வழக்கு விசாரணைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி வழியாகப் பேசினார். "இயக்கத்துக்குப் பயந்துதான் நான் ஊரை விட்டு வெளிக்கிட்டனான்" என்று அந்த யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னார். அது ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தபோது "இயக்கத்திலிருந்து வெளியேறி வந்தேன்" என்று, அவரே இயக்கத்தில் இருந்தவர் போல ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லில் ஒரு மனிதரின் உயிர் இருக்கிறது. பின்வரிசையில் இருந்த நான் மஞ்சள் தாளில் எழுதி எங்கள் வக்கீலிடம் நீட்டினேன். அவர் எழுந்து ஆட்சேபித்தார், நீதிபதி கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். தாளை நீட்டுகிற இடத்தில் இல்லாமல் எழுந்து பேசுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டில் 162, இளங்கலையில் நான்குக்கு 3.6. மூன்று இடங்களில் ஜே.டி. என்ற மூன்று வருஷச் சட்டப் படிப்புக்குச் சேர்க்கை வந்திருக்கிறது. 2026 ஆகஸ்டில் சேர வேண்டும்.

சிகாகோவில் ஒரு பள்ளி, மூன்றிலும் பெயர் பெற்றது இதுதான். கட்டணம், வாடகை, சாப்பாடு, புத்தகம், காப்பீடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சத்து 15 ஆயிரம் டாலர் என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். உதவித்தொகை வருஷம் 20 ஆயிரம்.

பென்சில்வேனியாவில் ஒரு தனியார் பள்ளி. வருஷத்துக்கு மொத்தம் 84 ஆயிரம், உதவித்தொகை 48 ஆயிரம். தொகையைப் பார்த்ததும் அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டார். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: முதல் வருஷ முடிவில் 3.2 சராசரி இருந்தால்தான் உதவித்தொகை தொடரும்.

மூன்றாவது, ஒஹையோவிலேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பள்ளி. மொத்தம் 52 ஆயிரம், உதவித்தொகை 14 ஆயிரம். படிப்பில் தேறிக்கொண்டிருந்தால் போதும், மதிப்பெண் நிபந்தனை இல்லை. வீட்டிலிருந்தே போய் வந்தால் வாடகை 12 ஆயிரம் மிச்சம்.

அப்பாவுக்கு 61 வயது, ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர். வீட்டுக்கடன் முடிய இன்னும் நான்கு வருஷம். "பேர் உள்ள இடத்தில் படி, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, வீட்டுப் பத்திரம் இருக்கிற நீல பிளாஸ்டிக் ஃபைலைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான்கு நாளாக அது அங்கேயே இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

நான் கேட்க நினைப்பது இவ்வளவுதான். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் தனியார் கடன் வாங்குவது, அல்லது வீட்டின் பேரில் வாங்குவது, சரியா? 3.2 எடுப்பது அவ்வளவு கஷ்டமா? அப்புறம், மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் அப்பாவின் வருமானத்தைக் காட்ட வேண்டுமா? அவருக்கு ஓவர்டைம் நிறைய வந்த வருஷம் அது, அதனால் எனக்கு உதவி குறையுமோ என்று பயம். ஏப்ரல் 15-க்குள் எங்கேயாவது முன்பணம் கட்டியாக வேண்டும்.

தாமிரபரணி:

தங்கச்சி, நான் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு சம்பளத்தில் வாதாடும் வழக்கறிஞராக இருக்கிறேன், 2014-இல் படித்து முடித்தவள். நீ இப்போது நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பட்ட மேற்படிப்புக்கும் தொழிற்படிப்புக்கும் ஃபாஃப்சா உன்னைத் தனி ஆளாகத்தான் பார்க்கும். அப்பா அம்மா வருமானம் அங்கே வராது. 2026-27 படிவத்துக்கு உன்னுடைய 2024 வரிக் கணக்குதான் அடிப்படை, நீ சம்மதம் கொடுத்தால் வரித்துறையிலிருந்து அதுவாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று பள்ளிகளின் குறியீட்டையும் போட்டு இன்றே அனுப்பிவிடு. சில பள்ளிகள் தங்கள் சொந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கப் பெற்றோர் விவரத்தைத் தனிப் படிவத்தில் கேட்பார்கள். ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபர்டு மூன்றும் மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை தருவதில்லை, தேவையைப் பார்த்துத்தான் தருகின்றன, அங்கே இதெல்லாம் முக்கியம். உன் மூன்று பள்ளிகள் தந்திருப்பது உன் எல்சாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும்தான், அப்பாவின் ஓவர்டைமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து, உன் வருஷத்திலிருந்து விதி மாறியிருக்கிறது, இதைச் சரியாகப் புரிந்துகொள். நாங்கள் படித்தபோது கிராட் பிளஸ் என்று ஒரு மத்திய அரசுக் கடன் இருந்தது. உதவித்தொகை போக மொத்தச் செலவில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் அதில் வாங்கலாம். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அதை மூடிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது கிடையாது. சட்டம், மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்புக்கு வருஷம் 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம், இதுதான் மத்திய அரசு தரும் உச்சவரம்பு. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் இளங்கலைக்கு மட்டும்தான், அதையும் எண்ணாதே.

இப்போது சிகாகோ கணக்கைப் போடு. ஒரு லட்சத்து 15-இல் 20 போனால் 95 ஆயிரம். மத்தியக் கடன் 50. மீதி 45 ஆயிரத்துக்கு வருஷா வருஷம் தனியாரிடம் போக வேண்டும், மூன்று வருஷத்தில் அது ஒரு லட்சத்து 35 ஆயிரம். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டியை விட்டுவிட்டு, 9 சதவீத வட்டி, 15 வருஷம் என்று வைத்துக்கொண்டாலே மாதம் சுமார் 1,370 டாலர் கட்ட வேண்டும். அது போக மத்திய அரசுக் கடன் ஒன்றரை லட்சம் தனியாக நிற்கும்.

நீ செய்ய நினைக்கிற வேலை என்ன? தஞ்ச வழக்குகள். அதைப் பெரும்பாலும் லாபநோக்கமற்ற சட்ட உதவி அமைப்புகள் செய்கின்றன, சம்பளம் குறைவு. 65 ஆயிரம் என்று வைத்துக்கொள். மத்தியக் கடனுக்கு 2026 ஜூலையிலிருந்து வருகிற ஆர்.ஏ.பி. என்ற புதிய திட்டத்தில் வருமானத்தில் இவ்வளவு சதவீதம் என்றுதான் தவணை. அந்த வருமானத்துக்கு 6 சதவீதம், அதாவது மாதம் 325 டாலர். அரசு வேலையிலோ வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பிலோ முழுநேரம் இருந்துகொண்டு 120 தவணை கட்டிவிட்டால் மீதி தள்ளுபடி. அதுதான் பி.எஸ்.எல்.எஃப்., 2007-லிருந்து இருக்கிற திட்டம். என் கடனின் மிச்சம் அப்படித்தான் போனது. நீ இப்போது வேலை பார்க்கிற மாதிரியான தனியார் வக்கீல் அலுவலகத்தில் இருக்கும் மாதங்கள் இதில் சேராது, அதையும் தெரிந்துகொள்.

தனியார் கடனுக்கு இது எதுவும் பொருந்தாது. நீ சட்ட உதவியில் இருந்தாலும் அதே 1,370-தான், வேலை போனாலும் அதே 1,370-தான். அதில் அப்பாவின் கையெழுத்து இருந்தால் நீ எந்த வேலைக்குப் போகலாம் என்பதைக் கடன்காரன் முடிவு செய்வான். நீ அந்த மஞ்சள் தாளை நீட்டியது இதற்காக இல்லையே.

இனி பென்சில்வேனியா. இது எனக்கே நடந்தது. 25 ஆயிரம் உதவித்தொகை, 3.0 நிபந்தனை. இளங்கலையில் 3.8 எடுத்தவளுக்கு 3.0 ஒரு விஷயமா என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சட்டப் பள்ளியில் முதல் வருஷ மதிப்பெண்ணை ஒரு வளைவில் போடுவார்கள், வகுப்பின் சராசரி எவ்வளவு இருக்க வேண்டும் என்று பள்ளியே முன்கூட்டி நிர்ணயித்திருக்கும். எங்கள் பள்ளியில் அது 2.9. நீ எவ்வளவு படித்தாய் என்பது ஒரு பக்கம், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு படித்தார் என்பது இன்னொரு பக்கம். அவர்களும் இளங்கலையில் 3.8 எடுத்து வந்தவர்கள்தான். ஒப்பந்தச் சட்டத்தில் ஒரே ஒரு தேர்வு, நான்கு மணி நேரம், மொத்த மதிப்பெண்ணும் அதில்தான். எனக்கு 2.94 வந்தது. ஜூன் மாதம் ஒரு மின்னஞ்சல், மூன்று வரி. 25 ஆயிரம் போய்விட்டது. முதல் வருஷம் முடிந்த பிறகு வேறு பள்ளிக்கு மாறவும் மனம் வரவில்லை. அந்தக் கோடை முழுக்க அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அதனால் நீ இரண்டு காரியம் செய். ஒன்று, அந்தப் பள்ளியின் முதல் வருஷ சராசரி எவ்வளவு என்று சேர்க்கை அலுவலகத்தில் நேராகவே கேள். சராசரி 3.0 என்றால், வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 3.2-க்குக் கீழேதான் இருப்பார்கள். இரண்டு, 509 அறிக்கை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள ஒவ்வொரு சட்டப் பள்ளியும் வருஷா வருஷம் டிசம்பரில் இதைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். நிபந்தனை உதவித்தொகையோடு எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேருக்குக் குறைந்தது அல்லது நின்றது என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு உதவித்தொகை கிடைத்தது என்ற விவரமும் இருக்கும், உனக்குத் தந்தது நடுவில் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கேள். மூன்று இடத்துக்கும் எழுது. நம் வீட்டில் வளர்ந்த பெண்களுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத்தான் தெரியும், கூடுதலாகக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று தோன்றும். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, அந்த அலுவலகத்தில் தினமும் நடக்கிற வேலை. சேர்க்கைக்கு நன்றி, உங்கள் பள்ளியின் இன்ன சட்ட உதவி மையம் எனக்கு முக்கியம், ஆனால் இன்ன பள்ளி இவ்வளவு தருகிறது, கடிதத்தை இணைத்திருக்கிறேன், மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று பத்து வரிக்குள் எழுது. பென்சில்வேனியாவிடம் பணம் கேட்காதே, நிபந்தனையை எடுக்கச் சொல். ஒஹையோவிடம் பணம் கேள். கண்டிப்பாகச் சேருவேன் என்று மட்டும், உண்மையிலேயே சேரப் போவதாக இருந்தால் ஒழிய, யாருக்கும் எழுதாதே. வக்கீல் ஆகப் போகிறவள் எழுதும் முதல் கடிதம் அது.

கூடல்நகர்:

அம்மா, நான் வக்கீல் இல்லை, உன் அப்பா வயதுக்காரன், டெக்சாஸில் இருக்கிறேன். உன் கேள்வியில் அப்பாவைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில்.

என் தங்கை மகன் சட்டம் படிக்கப் போனபோது தனியார் கடனுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். நல்ல பையன், இப்போதும் நல்ல பையன்தான். படிப்பு முடிந்து, வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வில் முதல் தடவை தேறவில்லை. மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை வக்கீல் வேலை இல்லை. மூன்று தவணை விட்டுவிட்டான், வெட்கப்பட்டு என்னிடம் சொல்லவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் எனக்கு எழுதிய கடிதம் என் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. என் வீட்டுக்கடனை வட்டி குறைந்த வங்கிக்கு மாற்றலாம் என்று போனபோதுதான் எனக்கே தெரிந்தது. 790 இருந்த என் கடன் மதிப்பெண் 640-க்கு வந்திருந்தது. வங்கியில் எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பையன் மூன்று மாதமாக எப்படித் தூங்கியிருப்பான் என்றுதான் தோன்றியது.

ஜாமீன் கையெழுத்து என்றால் சாட்சிக் கையெழுத்து என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, அந்தக் கடன் அவருடையதும்தான். பிறகு ஜாமீன்தாரரை விடுவிப்போம் என்று விளம்பரத்தில் இருக்கும். தொடர்ந்து இத்தனை தவணை பிசகாமல் கட்டியிருக்க வேண்டும், உன் வருமானம் தனியாகவே போதும் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது கிடைக்கவே இல்லை.

61 வயதில், ஓய்வுக்கு நான்கைந்து வருஷம் இருக்கும்போது, முடியப் போகிற வீட்டுக்கடனுக்கு மேல் இன்னொரு கடனா? வேண்டாம் தாயி. அவர் ஆசையில் சொல்கிறார். உன்னிடம் அவர் எதிர்பார்ப்பதும் ஒரு பதில்தான், "உங்கள் வீட்டில் இருந்துகொண்டே படிக்கிறேன் அப்பா" என்று சொன்னால் அவர் மனம் நிறையும். நான் தகப்பன், எனக்குத் தெரியும்.

மார்கழி:

நான் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறேன், 2024-இல் சேர்ந்தேன், அதனால் பழைய கடன் விதி எனக்கு இன்னும் ஓடுகிறது. அக்கா சொன்னதோடு நடைமுறையில் சில.

வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். படிக்கும்போது அரசு வட்டி கட்டுகிற வகைக் கடன் பட்ட மேற்படிப்புக்கு 2012-லேயே நின்றுவிட்டது. 2025-26-க்கு வட்டி 7.94 சதவீதம். 50 ஆயிரத்துக்கு வருஷம் 3,970 டாலர், நாளைக்கு ஏறக்குறைய 10 டாலர் 88 சென்ட். அதைக் காகிதத்தில் எழுதி மடிக்கணினி மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் புதிய கடனுக்குப் புதிய வட்டி வரும், வாங்கிய கடனுக்கு அதே வட்டிதான் நிற்கும். இது போக ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கட்டணம் பிடித்துக்கொண்டுதான் பணத்தைத் தருவார்கள்.

பணம் இரண்டு பாதியாக வரும். ஆகஸ்டில் பள்ளி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை உங்கள் வங்கிக் கணக்கில் போடும். எனக்கு முதல் தடவை 11 ஆயிரம் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பணத்தை என் கணக்கில் பார்த்ததில்லை. அது டிசம்பர் கடைசி வரைக்கும், வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து. அன்று மாலையே ஐந்து மாதத்துக்கு வகுத்துத் தனிக் கணக்கில் போட்டேன், முதல் தேதி மட்டும்தான் அதிலிருந்து எடுப்பேன்.

உதவித்தொகையில் வரி இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் போகிற பகுதிக்கு வரி கிடையாது, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பகுதிக்கு உண்டு. உங்களுக்குத் தந்திருப்பது கட்டணத்தைத் தாண்டாது என்று நினைக்கிறேன், இருந்தாலும் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளி உதவித்தொகைகளுக்கு ஆக்சஸ்லெக்ஸ் என்ற லாபநோக்கமற்ற நிறுவனம் சட்ட மாணவர்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, இலவசம். கடன் கணக்குப் போடவும் அங்கே உதவுவார்கள். தெற்காசிய வழக்கறிஞர் சங்கத்தின் கிளைகள் பொதுநலப் பணிக்குப் போகிற மாணவர்களுக்கு உதவுகின்றன, நம் ஆட்கள் இதற்கு விண்ணப்பிப்பதே குறைவு. நான் ஒரே கட்டுரையை மாற்றி மாற்றி ஒன்பது இடத்துக்கு அனுப்பினேன், இரண்டு இடத்தில் கிடைத்தது, சேர்த்து 3,500 டாலர். உங்கள் மஞ்சள் தாள் கதையை அப்படியே எழுதுங்கள். ஒரு விஷயம்: வெளியில் உதவித்தொகை கிடைத்தால் தன்னுடையதைக் குறைக்கிற பள்ளிகளும் உண்டு, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கோடைகாலத்தில் சட்ட உதவி அமைப்புகளில் வேலை செய்தால் பல இடங்களில் சம்பளமே கிடையாது. அதற்குப் பள்ளி மானியம் தருமா, எத்தனை பேருக்குத் தரும் என்று மூன்று இடத்திலும் கேளுங்கள். என்னைக் கேட்டால் இது தரவரிசையை விட முக்கியம்.

வேப்பம்பூ:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் ஆறு வருஷம் வக்கீலாக இருந்தேன், இப்போது கணவரோடு எச்-4 விசாவில் இருக்கிறேன். ஃபாஃப்சா எனக்கும் உண்டா?

தாமிரபரணி:

இல்லைம்மா. குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி அல்லது தஞ்சம் கிடைத்தவர்கள் மாதிரி சில பிரிவினருக்குத்தான் மத்தியக் கடன். எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1, வேலைக்கான எச்-1பி மூன்று விசாவுக்கும் கிடையாது. ஆனால் பள்ளி மதிப்பெண்ணுக்குத் தரும் உதவித்தொகைக்குப் பல இடங்களில் விசாவைப் பார்ப்பதில்லை. எச்-4-இல் இருந்துகொண்டே படிக்கலாம். எஃப்-1-க்கு மாறினால் படித்து முடித்தபின் ஒரு வருஷம் வேலை அனுமதி கிடைக்கும், ஆனால் முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே வக்கீலாக இருந்தவர் நீங்கள், மூன்று வருஷ ஜே.டி.தான் வேண்டுமா, ஒரு வருஷ எல்எல்.எம். போதுமா என்பதை முதலில் பாருங்கள். தனியாகக் கேள்வி போடுங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன்.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து இப்போதுதான் வந்து எழுதுகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

மூன்று இடத்துக்கும் எழுதினேன். அனுப்பு பொத்தானை அழுத்தவே ஒரு மணி நேரம் ஆனது. சிகாகோ இரண்டே நாளில் பதில் போட்டது, கூடுதலாகத் தர இயலாது என்று. பென்சில்வேனியாவில் ஒரு அம்மா தொலைபேசியில் அன்பாகத்தான் பேசினார், நிபந்தனையை எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். வகுப்பின் சராசரியைக் கேட்டேன், கொஞ்சம் தயங்கிவிட்டு 3.0 என்றார். 509 அறிக்கையைத் திறந்து பார்த்தேன். நிபந்தனையோடு வந்தவர்கள் 112, குறைந்தது அல்லது நின்றது 39 பேருக்கு. அந்தக் கட்டத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா 39 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இவங்க எல்லாம் வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார். தாமிரபரணி அக்கா, உங்கள் கோடைகாலம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒஹையோ 14-ஐ 20 ஆக்கிவிட்டது. ஆறு ஆயிரம், பத்து வரிக் கடிதத்துக்கு! கோடைகால மானியமும் உண்டு, பொதுநலப் பணிக்குப் போகிறவர்கள் விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைக்கும் என்றார்கள். அங்கே குடிவரவு வழக்குகளுக்கென்று மாணவர்களே வாதாடும் ஒரு மையமும் இருக்கிறது, இரண்டாம் வருஷத்திலிருந்து சேரலாம். நீதிபதிக்கு முன் மாணவர்களே எழுந்து பேசுகிறார்கள். இதை நான் முதல் தடவை படித்தபோது எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை, தரவரிசையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணக்கு: 52-இல் 20 போய் 32, வாடகை 12 போய் 20 ஆயிரம். என் சேமிப்பு 18 ஆயிரம் இருக்கிறது, வருஷத்துக்கு ஐந்து ஐந்தாக எடுத்துக்கொண்டு கடைசி மூன்றை பார் தேர்வுக்கு வைக்கப் போகிறேன். மீதி வருஷம் 15 ஆயிரம், மூன்று வருஷத்துக்கு 45 ஆயிரம், எல்லாம் மத்தியக் கடன், என் பெயரில் மட்டும்.

அப்பாவிடம் கூடல்நகர் ஐயா சொன்ன மாதிரியே சொன்னேன். ஷிப்ட் முடிந்து காலையில் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தினமும் பனியிலே நீயே ஓட்டிட்டுப் போவியா, டயரை மாத்தணும்" என்றார். மாலையில் பார்த்தால் மேஜையில் ஃபைல் இல்லை. முன்பணம் கட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். பள்ளியின் உதவி அலுவலகத்திலிருந்து வந்த பக்கத்தில் எனக்கு 32 ஆயிரம் கடன் தகுதி என்று காட்டுகிறது, வாடகையையும் சேர்த்து. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? 15 மட்டும் வாங்கி நடுவில் குறைந்துவிட்டால் என்ன செய்வது?

தாமிரபரணி:

படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. நல்லது.

முழுதாக ஏற்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்திலேயே தொகையைக் குறைத்துப் போட இடம் இருக்கும், 15 என்று போடு. அதற்கு முன்னால், நீ வீட்டில் தங்கப் போகிறாய் என்பதை உதவி அலுவலகத்துக்குச் சொல்லிவிடு, பெற்றோரோடு இருப்பவர்களுக்குச் செலவுத் திட்டம் தனியாக உண்டு. நடுவில் குறைந்தால் அந்தத் திட்டத்தின் அளவு வரைக்கும் அந்த வருஷத்துக்குள் கூடுதலாகக் கேட்கலாம். கூடுதலாக வாங்கிவிட்டால் கடன் வந்த 120 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பகுதிக்கு வட்டியும் கட்டணமும் விழாது. ஆனாலும் குறைவாக வாங்கிப் பிறகு கேட்பதுதான் என் வழக்கம், கையில் இருந்தால் செலவாகிவிடும்.

பார் தேர்வுக்கு மூன்று ஆயிரம் போதாது. மே மாதம் படிப்பு முடியும், ஜூலை கடைசியில் தேர்வு, முடிவு வர இலையுதிர்காலம் ஆகும். பயிற்சி வகுப்பும் தேர்வுக் கட்டணமும் போக அந்த மாதங்களில் கையில் சம்பளம் இருக்காது. வீட்டில் இருக்கிறாய், அது பெரிய பலம், இருந்தாலும் அதை ஆறாக்கப் பார். மார்கழி சொன்ன வெளி உதவித்தொகைகளில் வருவதை அங்கே ஒதுக்கு.

ஜூலைக்குள் இரண்டு வேலை பாக்கி: மத்தியக் கடனுக்கான உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து, கடன் வாங்குவோருக்கான இணையவழி விளக்க அமர்வு. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும். விளக்க அமர்வை வேகமாக அழுத்திக் கடந்துவிடாதே, உட்கார்ந்து படி. ஆகஸ்டில் முதல் வாரம் எப்படிப் போனது என்று இங்கே எழுது.